பொன்மலைக்கும் தார்த்துவுக்கும் இடையே

பிப்ரவரி 1, வியாழன். பொன்மலை

பெட்டி இருபத்து நாலரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ குறைக்க வேண்டும். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நிற்கிறார். நான் குனிந்து எண்ணைப் படித்து, அதிலிருந்து அப்பாவின் எடையைக் கழிக்கிறேன். காலையிலிருந்து ஐந்து முறை ஆகிவிட்டது.

"பருப்புப் பொடிய எடுத்துரு அகி. அங்க பருப்பே கிடைக்காமயா போயிடும்?"

"பருப்பு கிடைக்கும்ப்பா. பொடி கிடைக்காது."

கடைசியில் தடிமனான தாவரவியல் புத்தகம் ஒன்றை வெளியே எடுத்து வைத்தோம். பொடி வருகிறது.

எஸ்தோனியா என்று சொன்னால் தெருவில் யாருக்கும் புரியவில்லை. "ரஷ்யாவுக்குப் பக்கத்துல" என்று அப்பாவே எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறார். எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டரை அங்கே தார்த்து என்ற ஊரில் முடிக்கலாம் என்று கல்லூரியில் வாய்ப்பு வந்தது. ஈரச் சுவரில் படர்கிற, இலை உள்ள 'மாஸ்' பாசிகளைப் பற்றி ஆய்வு. ஜூன் வரை. அம்மா போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம். அதற்குப் பிறகு அப்பாவைத் தனியாக விட்டு நான் ஒரு வாரம்கூட எங்கும் இருந்ததில்லை. அப்பா ஒரு தடவைகூடப் போகாதே என்று சொல்லவில்லை.

மருந்துப் பைதான் எல்லாவற்றையும்விட ஒழுங்காக இருக்கிறது. ரயில்வே ஆஸ்பத்திரியில் வாங்கினாராம். ஒவ்வொரு அட்டையிலும் சின்னக் காகிதம் ஒட்டி, உருண்டை உருண்டையான எழுத்தில் 'காய்ச்சலுக்கு, சாப்பிட்ட பின்', 'வயிற்று வலிக்கு, தேவைப்பட்டால் மட்டும்'. அப்பாவின் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் இப்போதெல்லாம் நன்றாகக் கவனிக்கிறார்கள் போலிருக்கிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு. தார்த்து

வந்து சேர்ந்தேன். சென்னை, தோஹா, ஹெல்சிங்கி, தாலின், பிறகு இரண்டரை மணி நேரம் பஸ். வழியெல்லாம் மரமும் பனியும். பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போவதற்குள் பக்கத்து சீட்காரர் நம் குடும்பக் கதையைக் கேட்டு முடித்துவிடுவார்.

மைனஸ் பதினான்கு. மூக்குக்குள் முடி உறைவது தெரிகிறது.

சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். நான் பாஸ்போர்ட் வரிசையில் மறையும் வரைக்கும் கையை ஆட்டவில்லை, தூக்கியபடியே வைத்திருந்தார். அவர் அழவில்லை. நானும் அழவில்லை. தோஹாவில் ஒரு கழிப்பறையில் கொஞ்ச நேரம் ஆனது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 5, திங்கள்

தூங்கினேன்.

பிப்ரவரி 10, சனி

அறைத் தோழி பெயர் நீனோ. ஜார்ஜியாக்காரி. சட்டம் படிக்கிறாள். பெரிய குரல். வந்த அன்றே என் பருப்புப் பொடியை ரொட்டியில் தூவிச் சாப்பிட்டுவிட்டு, "இது என்ன மண்? நன்றாக இருக்கிறது" என்றாள்.

இன்று துணி துவைத்தேன். மெஷினுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், இரண்டு நாள் காத்திருந்தேன். துவைத்ததைப் பொன்மலைப் பழக்கத்தில் பால்கனிக் கம்பியில் காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் சுடிதார் பலகைபோல் விறைத்து நிற்கிறது. மடக்கினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்படியே தூக்கி வந்து அறை மூலையில் சாய்த்து வைத்தேன். ஆள் நிற்பதுபோல் நின்றது.

அப்பா கூப்பிட்டபோது போனைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு இரவு ஏழு, எனக்கு மூன்றரை. தினமும் இதுதான் எங்கள் நேரம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கூடவே இன்னொரு சிரிப்பும் கேட்டது.

"யாருப்பா?"

"டிவிம்மா. ஓடிட்டு இருக்கு."

அப்பாவுக்கு டிவி என்றாலே ஆகாது. பாவம், பொழுது போகாமல் பார்க்கிறார்.

பிப்ரவரி 19, திங்கள்

என் வழிகாட்டிப் பேராசிரியர் மாரே, ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். காய்ந்து சருகாக இருந்த ஒரு பாசித் துணுக்கை என் கையில் வைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அரை நிமிடத்தில் அது பச்சையாக விரிந்தது. பதினோரு வருடம் காகித உறைக்குள் இருந்ததாம். எத்தனையோ தடவை படித்ததுதான், ஆனாலும் உள்ளங்கையில் நடந்தபோது கத்திவிட்டேன். மாரே முதல்முறையாகச் சிரித்தார்.

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். அம்மா தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துக்கொண்டே புலம்புவாள். "ஊர்ல எல்லாரும் டாக்டருக்குப் படிக்கிறாங்க. எம் பொண்ணு இந்தக் கருமத்தப் படிக்கப் போறா." பிறகு என்னைப் பார்த்து, தேய்க்காமல் ஓர் ஓரத்தை அப்படியே விட்டுவிடுவாள். "இந்தா, உன் பாடப் புஸ்தகம்."

இப்போது அந்தச் சுவரை யார் தேய்க்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 24, சனி

இந்த நாட்டின் சுதந்திர தினம். எல்லா வீட்டிலும் கொடி. நீனோவும் நானும் உறைந்த எமயோகி ஆற்றங்கரையில் நடந்தோம். அந்தப் பெயருக்குத் தாய் ஆறு என்று அர்த்தமாம். காவிரியைப் பற்றிச் சொன்னேன். "உங்கள் ஆற்றில் நடக்க முடியுமா?" என்றாள். "ஏப்ரல், மே மாதத்தில் முடியும், மணலில்" என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

அப்பா வெந்தயக் குழம்பு வைத்திருந்தார். கேமராவில் காட்டினார். வெந்நீர் வைக்கவே அடுப்பை மூன்று தடவை அணைத்து ஏற்றுபவர்.

"எப்படிப்பா?"

"பழகிக்கிறதுதான்."

அவருக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. புளி ஜாடி கீழ்த்தட்டில் இருந்தது. அம்மா அதை எப்போதும் மேல்தட்டில்தான் வைப்பாள், எறும்பு வரக்கூடாது என்று. அம்மா உயரம். அப்பா அதைவிட உயரம்.

"அத ஏம்ப்பா கீழ வச்சீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். "எடுக்க வசதியா இருக்கட்டும்னு."

எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. தலைவலி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தலைவலி உண்மையாகவே இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

அம்மாவின் திதி. போன வருடம் அப்பாவும் நானும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனோம். இந்த வருடம் நான் எழுந்திருப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். படித்துறையின் கடைசிப் படியில் குனிந்து நிற்கிறார், இரண்டு கையும் தண்ணீரில். முதுகெலும்பு தெரிகிறது.

மதியம் நான் தாய் ஆற்றின் கரைக்குப் போனேன். பாலத்துக்கு அடியில் மட்டும் பனி விட்டிருந்தது. குனிந்து தொட்டேன். கை எரிந்தது.

அம்மா இறந்த வெள்ளிக்கிழமை நான் மதுரை ஹாஸ்டலில் இருந்தேன். செய்முறைத் தேர்வு. அதனால்தான் எம்.எஸ்ஸி.க்குத் திருச்சியிலேயே சேர்ந்தேன், அப்பாவோடு இருக்கலாம் என்று.

மார்ச் 13, புதன்

அந்தப் படத்தில் அப்பாவின் இரண்டு கையும் தண்ணீரில் இருக்கின்றன. யாரோ பக்கத்தில் நின்றவரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருப்பார்.

மார்ச் 16, சனி

பொதுச் சமையலறையில் அடுப்பைத் துடைத்தேன். என் முறை இல்லை. பிறகு குளிர்சாதனப் பெட்டியையும் துடைத்தேன். நீனோ, "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 23, சனி

கரூரிலிருந்து சரசு சித்தி கூப்பிட்டாள். அம்மாவின் தங்கை. நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"ஏண்டி, உங்கப்பா பண்ற கூத்து உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"என்ன சித்தி?"

"அந்த ஆஸ்பத்திரில மருந்து குடுக்கிறாளே சகுந்தலா, அவ உங்க வீட்ல வந்து சமைக்கிறாளாம். ஞாயித்துக்கெழம சந்தைக்கு ரெண்டு பேரும் சேந்து போறாங்களாம். நேத்து நானே நேர்ல போய்ப் பாத்தேன். எங்கக்கா மேடையில நின்னு இவ தோசை சுடுறாடி! தெருவே கேக்கற மாதிரி கேட்டுட்டு வந்தேன். உன்ன அனுப்பிட்டு இங்க இதுதான் நடக்குது."

சித்தி இன்னும் நிறையப் பேசினாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் சைக்கிளைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு உறைந்துவிட்டது போல, ஊதி ஊதிப் பார்த்தார்.

சகுந்தலா யார் என்று எனக்குத் தெரியும். குள்ளமாக இருப்பார். மூக்குக் கண்ணாடி. அம்மாவுக்கு மாதா மாதம் மாத்திரை கொடுத்தவர்.

மார்ச் 24 முதல் 30 வரை

அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஆய்வகத்தில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். பாதி நாள் உண்மையாகவே ஆய்வகத்தில்தான் இருந்தேன். நானூறு பாசி இலைகளை அளந்திருக்கிறேன்.

புதன்கிழமை காய்ச்சல். மருந்துப் பையைத் திறந்தேன். 'காய்ச்சலுக்கு, சாப்பிட்ட பின்.' அந்த உருண்டை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பையை மூடிவிட்டுக் கடைக்கு நடந்து போய் வேறு மாத்திரை வாங்கி வந்தேன். மைனஸ் மூன்று.

மார்ச் 31, ஞாயிறு

இன்று இந்த நாட்டில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். வசந்தம் வருகிறதாம். பொன்மலைக்கும் எனக்கும் இடையே மூன்றரை மணி நேரம் இருந்தது, இரண்டரை ஆகிவிட்டது.

நானே கூப்பிட்டேன்.

"சித்தி சொன்னாங்க" என்றேன்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் அகி" என்றார் அப்பா.

"எப்ப? நான் ஊருக்கு வந்து அவங்க கதவத் தொறக்கறப்பவா?"

"அப்படி இல்லம்மா..."

"இதுக்குத்தான் என்னை அனுப்புனீங்களா?"

"அகி."

"அம்மா இருக்கும்போதே இருந்துச்சா இது?"

அப்பா போனை வைத்துவிட்டார். என் வாழ்நாளில் அவர் முதலில் வைத்தது இதுதான் முதல் முறை.

ஏப்ரல் 6, சனி

'சாப்பிட்டியா' என்று தினமும் செய்தி வருகிறது. 'ம்' என்று அனுப்புகிறேன். வேறு எதுவும் இல்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

நீனோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா பதிமூன்று வருடமாக இத்தாலியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். அப்பா மட்டும் ஊரில். அதனால் இவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். மிக நன்றாகவே புரிந்தது.

"என் அப்பா அப்படிச் செய்தால் நான் வீட்டுக்கே போக மாட்டேன்" என்றாள். "உன் அப்பா ஒரு பொய்யர். உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு மறுநாளே அவளைக் கூட்டி வந்திருக்கிறார். கோழை."

"கோழை இல்லை" என்றேன்.

"பின்னே என்ன?"

"என் அம்மா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தாள். அப்பா இரவுப் பணி முடித்து வந்து அவளுக்குத் தலை வாரிவிட்டு, துணி மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் தூங்குவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உனக்கு அவரைத் தெரியாது."

"நீதானே இப்போது அவரைத் திட்டிக்கொண்டிருந்தாய்?"

"நான் திட்டலாம்" என்றேன்.

நீனோ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தேநீர் போட எழுந்து போனாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். வீட்டில் இருந்தால் மாங்காய்ப் பச்சடி. இங்கே புளிப்பு ஆப்பிளில் வெல்லம் போட்டுச் செய்து பார்த்தேன். ருசி அருகில் வந்து திரும்பிப் போய்விட்டது.

அப்பா பதினோரு நிமிடக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னணியில் அவர் வேலை பார்க்கும் ரயில்வே ஒர்க்ஷாப்பின் சங்கு கேட்கிறது. விடுமுறை நாளில் வேலைக்குப் போய், கேன்டீனுக்குப் பின்னால் நின்று பேசியிருக்கிறார். மூன்று முறை கேட்டேன். முக்கியமானதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் நான் மாற்றி நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது.

"அகி, அன்னிக்கி போன வச்சது தப்புதான். பதில் சொல்லத் தெரியாம வச்சிட்டேன். உங்கம்மா இருக்கறப்ப அவங்க எனக்கு மருந்துக் கவுண்டர்ல இருக்கற மேடம், அவ்வளவுதான். அம்மா போய் ஆறு மாசம் கழிச்சு, மிச்சம் இருந்த மாத்திரையெல்லாம் ஒரு பையில போட்டுத் திருப்பிக் குடுக்கப் போனேன். திருப்பி வாங்க மாட்டாங்களாம், சட்டம் இல்லியாம். குப்பையில போடச் சொன்னாங்க. எனக்குப் போட மனசு வல்ல. அங்கயே நின்னுட்டு இருந்தேன். கூட்டமெல்லாம் போன அப்பறம் அவங்க வெளிய வந்து, 'குடுங்க சார், நான் பாத்துக்கறேன்'னு வாங்கிக்கிட்டாங்க. அதுலேர்ந்துதான் பேச்சு.

"உன்ன அனுப்பினது இதுக்காக இல்ல. நீ ஃபாரம் கொண்டாந்தப்ப போகாதன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. புள்ளய புடிச்சு வைக்காதீங்கன்னு சொன்னது அவங்கதான். ஆனா நீ போனப்பறம் வீடு சத்தமே இல்லாமப் போச்சு. அது நெசம். நாந்தான் அவங்கள வாங்கன்னு கூப்ட்டேன். அவங்களா வரல.

"இப்ப அதெல்லாம் இல்ல. உங்க சித்தி சத்தம் போட்ட அன்னியோட அவங்க வரமாட்டேன்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன். முடிஞ்சிது. நீ மனச போட்டு உழப்பிக்காம படி."

ஏப்ரல் 21, ஞாயிறு

மறுபடி தினமும் பேசுகிறோம். வானிலை, பாசி, அரிசி விலை.

இன்று போனைச் சமையலறை மேடையில் சாய்த்துவைத்துச் சாப்பிட்டார். தயிர் சாதம், ஊறுகாய். நேற்றும் அதுதான். புளி ஜாடி மேல்தட்டுக்குப் போயிருந்தது. நான் சொல்லாமலே எடுத்து வைத்திருக்கிறார். அப்பா என்னிடம் எதையும் கேட்கவில்லை. சிரித்தார். கன்னம் ஒட்டியிருக்கிறது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 28, ஞாயிறு

அம்மா இறந்த நாளைப் பற்றி மார்ச் 12-ஆம் தேதி இங்கே எழுதியது உண்மை இல்லை.

செய்முறைத் தேர்வு புதன்கிழமையே முடிந்துவிட்டது. வெள்ளிவரை இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நாங்கள் ஆறு பேர் கொடைக்கானல் போனோம். பாசி பார்க்க என்று சொல்லிக்கொண்டோம், பாசியும் பார்த்தோம். எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குப் போய் அந்த அறையின் வாசனையில் உட்கார்ந்து, திங்கள் காலை திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு வாரம் போகாமல் இருக்கலாம் என்று தோன்றியது. வெள்ளி காலை ஏரிக்கரையில் சோளம் தின்றுகொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. காகிதத்திலும் இன்றுதான்.

மே 3, வெள்ளி

சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனார்கள். பனி முழுவதும் போய்விட்டது. பலகைப் பாதையில் வரிசையாக நடந்தோம். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை பாசி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. காலை எடுத்து வைத்தால் தரை முழுவதும் மெத்தைபோல் அசைகிறது. மாரே ஒரு குழாயை இறக்கிப் பழைய மண்ணை எடுத்துக் காட்டினார். இரண்டாயிரம் வருடப் பாசி, இன்னும் இலை தெரிகிறது.

அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டபோது, "அவங்க நம்பர் குடுங்கப்பா" என்றேன்.

"யாரு நம்பர்?"

"சகுந்தலா அவங்க நம்பர்."

"எதுக்கும்மா? முடிஞ்சு போன விஷயம்."

"திட்ட மாட்டேன். குடுங்க."

மே 4, சனி

கூப்பிட்டேன்.

"நான் அகிலா. தனபாலன் பொண்ணு."

"சொல்லும்மா. உடம்புக்கு ஏதும் முடியலயா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க."

"அப்ப சரி."

நான்தான் பேச வேண்டியிருந்தது. "நீங்க வீட்டுக்கு வர்றதில்லன்னு அப்பா சொன்னாரு."

"ஆமா. உங்க சித்தி தெருவுல நின்னு கத்துனப்ப நான் பதில் பேசல. பேசத் தெரியாம இல்ல. அவங்க அக்கா வாழ்ந்த வீடு, அவங்களுக்கு உரிமை இருக்குன்னு இருந்தேன்."

"நானும் சித்தி நெனச்சததான் நெனச்சேன்."

"இப்ப?"

"தெரியல."

"சரி. உங்கப்பாவப் பாத்துப் பாவமா இருக்குன்னு நீ கூப்ட்டிருந்தீன்னா நான் போன வச்சிருப்பேன். எனக்கு நாப்பத்தெட்டு வயசும்மா. எங்கப்பாவ சாகறவரைக்கும் பாத்துக்கிட்டேன், கல்யாணம் தள்ளிப் போயிருச்சு. யாருக்கும் அம்மாவா வரணும்னு எனக்கு ஆசை இல்ல. உங்கப்பா மாத்திரைப் பையக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு பாரு, அந்த மாதிரி ஒரு மனுஷனோட உக்காந்து பேசணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

"அம்மாவ உங்களுக்கு நெனப்பிருக்கா?"

"இல்லாமயா? கவுண்டருக்கு எதிர்ல பெஞ்சில உக்காந்திருப்பாங்க. டோக்கன் கூப்ட்டா உங்கப்பா ஓடி வருவாரு. 'மெதுவாப் போங்க, மாத்திர எங்கயும் ஓடிறாது'ன்னு அங்கேர்ந்தே அதட்டுவாங்க. ஒருநாள் எங்கிட்ட, 'எம் பொண்ணு மதுரைல பாசியப் பத்திப் படிக்கிறா. எங்க பாத்ரூம் செவத்தத் தேச்சிருந்தா நானே டிகிரி குடுத்திருப்பேன்'னாங்க. வரிசையில நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் மெதுவா, 'நெஜமாவே நல்லாப் படிப்பா'ன்னாங்க."

அம்மா பேசுவது அப்படியே கேட்டது. இரண்டு வருடமாக அப்பாவும் நானும் அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி மட்டுமே பேசிவந்திருக்கிறோம். அம்மா ஊரைச் சிரிக்கவைப்பவள் என்பதை இன்னொருவர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

அழுதேன். அழுதபடியே கொடைக்கானலைச் சொல்லிவிட்டேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட சொல்லாதம்மா" என்றார். "உங்கப்பாகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன், பயப்படாத."

மே 12, ஞாயிறு

சொன்னேன்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். முகம் மாறிவிட்டது. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

மே 13, திங்கள்

கூப்பிடவில்லை.

மே 14, செவ்வாய்

கூப்பிடவில்லை. 'சாப்பிட்டியா' மட்டும் வந்தது.

மே 15, புதன்

நாலரைக்குக் கூப்பிட்டார். முகம் காட்டவில்லை, குரல் மட்டும்.

"அந்தப் புதன்கிழம ராத்திரியே அவளுக்கு நெனவு போயிருச்சு அகி. நீ வந்திருந்தாலும் உன்னத் தெரிஞ்சிருக்காது. இத நான் ஆறுதலுக்குச் சொல்லல, நடந்தத சொல்றேன்."

"ம்."

"எனக்குக் கோவம் வந்துச்சு. ரெண்டு நாளா உம்மேல கோவமாத்தான் இருந்தேன். தனியா நின்னேன்ல அன்னிக்கி. ஆம்புலன்ஸ்காரன் கையெழுத்துப் போடச் சொல்றான், எனக்குப் பேனா புடிக்கத் தெரியல. நீ இருந்திருக்கலாம்னு தோணுச்சு."

"இருந்திருக்கணும்ப்பா."

"இருந்திருக்கணும்தான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்பா மூக்கை உறிஞ்சிவிட்டு, "நானும் உங்கிட்ட மறைச்சேன். நீயும் மறைச்ச. இனிமே வேணாம்" என்றார்.

"அப்ப இன்னொண்ணு சொல்றேன். அவங்கள மறுபடியும் கூப்புடுங்க."

"அவங்க வரமாட்டாங்க. ரோஷக்காரங்க."

"சும்மா வாங்கன்னு கூப்ட்டா எப்படிப்பா வருவாங்க? முறையாக் கேளுங்க."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நீ இருக்கணும்" என்றார் அப்பா. "கல்யாணம்னா நீ வந்தப்பறம்தான்."

மே 25, சனி

அப்பா முறையாகக் கேட்டு, சகுந்தலா அவர்களும் சம்மதித்து, பதிவு அலுவலகத்தில் கல்யாண நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். முப்பது நாள் பலகையில் ஒட்டியிருக்குமாம். சித்தி என்னை அழைத்துத் திட்டினாள். முழுவதும் கேட்டேன். அவளுக்கு அக்கா இல்லாமல் போனாள். அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

ஆய்வறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டேன். நாற்பது பக்கம். கண் எரிகிறது. இரவு பத்து மணிக்கும் ஜன்னலில் வெயில்.

ஜூன் 18, செவ்வாய்

அறையைக் காலி செய்தேன். அறிக்கைக்கு நல்ல மதிப்பெண். மாரே கைகுலுக்கினார், பிறகு யோசித்துவிட்டுக் கட்டிக்கொண்டார். இந்த ஊரில் இது பெரிய விஷயம்.

நீனோ தாலின்வரை வந்தாள். "உன் அப்பாவிடம் சொல், நான் அவரைக் கோழை என்றேன் என்று. மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல்." ஒன்றையும் சொல்லப்போவதில்லை என்றேன். பஸ்ஸில் இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம், முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

தாய் ஆறு நிறையத் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊரை இனி நான் பார்ப்பேனா தெரியவில்லை. ஐந்து மாதம் முன்பு பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாது.

ஜூன் 27, வியாழன். பொன்மலை

பதிவு அலுவலகம் பதினோரு மணிக்கு. அப்பா வெள்ளைச் சட்டை. சகுந்தலா அவர்கள் பழுப்பு நிறப் பட்டு, காதில் சின்னத் தோடு. அப்பாவின் நண்பர் ஒருவரும், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரும் சாட்சிக்கு வந்தார்கள். மூன்று சாட்சி வேண்டும். மூன்றாவது நான்.

அலுவலர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு சைடும்மா?"

அப்பா, "எம் பொண்ணுங்க" என்றார்.

பெண் பக்கம் நர்ஸம்மாவைத் தவிர யாரும் இல்லை. "பொண்ணு சைடுல போடுங்க" என்றேன்.

"பொண்ணுக்கு நீங்க என்ன உறவு? சொல்லுங்க, எழுதணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சகுந்தலா அவர்கள் கண்ணாடியைச் சரிசெய்தபடி, அவசரமே இல்லாமல் சொன்னார்:

"தெரிஞ்சவங்கன்னு போடுங்க சார்."

நான் தலையாட்டினேன். இன்றைய தேதிக்கு அதுதான் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

போடும்போது அம்மாவை நினைத்தேன். அம்மா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்திருப்பாள். இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

மாலை நாலு மணிக்கு அவருடைய சாமான்கள் ஒரு சின்ன லோடு ஆட்டோவில் வந்தன. ஒரு தையல் மெஷின், இரண்டு டிரங்குப் பெட்டி, நிறையப் பைகள், தொட்டியில் ஒரு கருவேப்பிலைச் செடி. எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். அப்பா கேட்டுக்கு வெளியே போய், முதலில் எதைத் தூக்குவது என்று தெரியாமல் கையைத் தொங்கப்போட்டபடி நின்றார். சகுந்தலா அவர்கள் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் படியிறங்கிப் போய்ச் செடியை வாங்கிக்கொண்டேன்.

"வாங்க" என்றேன்.